கிளாசிக்கல் கிட்டார்: வேகத்துக்கு முன்னால் அழுத்தத்தைக் குறையுங்கள்

வேகமாக வாசிக்க வரவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இடது கை தேவைக்கு மேல் அழுத்துவதுதான். சோதிப்பது சுலபம். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டருகே (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) விரலைச் சும்மா தொட்டபடி வைத்து, வலது கையால் மீட்டுங்கள், 'டொக்' என்று உயிரில்லாத சத்தம்தான் வரும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் முதலில் கரகரப்பு, அப்புறம் சுத்தமான ஸ்வரம் கேட்கும், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அதற்கு மேல் போடும் பலம் வீண். ஃப்ரெட்டை ஒட்டி விரலை வைத்தால் இன்னும் குறைவாகவே போதும். கட்டைவிரல் கிட்டார் கழுத்தின் பின்னால் இறுக்கிப் பிடிக்காமல் இருக்கட்டும். அதைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டும் வாசித்துப் பாருங்கள், நீங்கள் எவ்வளவு நசுக்குகிறீர்கள் என்று அப்போது தெரியும்.

வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி வர வேண்டும். கம்பி மாறும் இடத்தில்தான் ஒரே விரல் இரண்டு முறை வந்துவிடும், அதனால் முழு ஸ்கேலையும் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) ஓட்டாமல் அந்த இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு ஒன்றாக வாசியுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் பலன் தருவது இதுதான்.

ஸ்வரம் கீச்சென்று கேட்டால் நகத்தைப் பாருங்கள். மிக நைசான உப்புத்தாளால் ஓரத்தை வழவழப்பாக்கி, கம்பி முதலில் விரல்நுனிச் சதையில் பட்டு அப்புறம் நகத்தில் வழுக்குமாறு மீட்டுங்கள்.

மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.