ஹால்டிங் பிராப்ளம் நிரூபணம்: இயந்திரத்தை முதலில் சரமாக்குங்கள்

ஓர் இயந்திரம், அதாவது நாடாவில் படித்து எழுதும் கற்பனைக் கணினி, கொடுத்த உள்ளீட்டில் என்றாவது நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்பதே ஹால்டிங் பிராப்ளம். எல்லா இயந்திரங்களுக்கும் இதற்கு விடை சொல்லும் பொது முறை இல்லை என்று நிரூபணம் எழுதும் மாணவர்கள், "எம் என்ற இயந்திரத்தை எம்முக்கே உள்ளீடாகக் கொடுப்போம்" என்ற வரியில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். உள்ளீடாகச் செல்வது இயந்திரமன்று, அதன் விதிகளை எழுதிய ஒரு சரம் (எழுத்துகளின் வரிசை) மட்டுமே என்பதால், இயந்திரத்துக்கும் சரத்துக்கும் தொடக்கத்திலேயே வெவ்வேறு குறிகள் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலன் டியூரிங் 1936-இல் எழுதிய கட்டுரையில் இதை எண்களாகவே செய்து காட்டினார்: முதல் நிலையில் நாடாவில் வெற்றுக் கட்டத்தைக் கண்டால் 0 என்று எழுதி, வலப்புறம் நகர்ந்து, இரண்டாம் நிலைக்குச் செல்ல வேண்டும் என்ற விதி, அவருடைய முறையில் 313325311 ஆகிறது; அடுத்த விதியிலிருந்து அதைப் பிரிக்க 7 வருகிறது. இப்படி எண்ணாகிவிட்ட பிறகு, ஓர் இயந்திரம் தன் எண்ணையே படிப்பதில் புதிர் ஏதுமில்லை. சி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட சி கம்பைலர் (நிரலைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தன் மூலநிரலையே தொகுப்பதைப் போன்றதுதான் அது.

பலரும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. எந்த இயந்திரத்தையும் குறிக்காத சரங்களும் உள்ளீடாக வரலாம் என்பதால், அவற்றை உடனே நின்றுவிடும் இயந்திரமாகக் கொள்வதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு இயந்திரத்தனமாக மாற்ற முடிகிறவரை, எதைத் தேர்ந்தாலும் நிரூபணம் மாறாது.