அறிமுகமில்லாத இருவரை மாதம் ஒருமுறை சந்திக்க வைப்பது எப்படி? கூகிள் ஷீட்டும் வட்ஸ்அப்பும் கொண்டு ஒரு செய்முறை விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர வீதியில், ஊருக்கு ஊர் திறமையானவர்கள் இருக்கிறார்கள். மருதமுனையில் கைத்தறி நெய்பவருக்குத் தம் துணிகளை நன்றாகப் படமெடுத்துத் தர ஒருவர் தேவைப்படலாம். கல்லடியில் நல்ல கமராவோடு வேலை தேடும் இளைஞர் ஒருவரும் இருக்கலாம். இருவருக்கும் பொதுவான நண்பர் இல்லாததால் அவர்கள் சந்திப்பதேயில்லை.

நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மூலமே வேலை பற்றிய புதிய தகவல்கள் அதிகம் வந்துசேர்கின்றன என்பதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973 இல் விளக்கினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம். பெரிய நிறுவனங்கள், ஊழியர்கள் தமக்குள் செய்தி பரிமாறும் ஸ்லாக் செயலியில் டோனட் போன்ற கருவிகளைச் சேர்த்து, ஊழியர்களை எழுந்தமானமாகச் சோடி சேர்த்துத் தேநீருக்கு அனுப்புகின்றன. நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒரு கணினியும் எல்லோர் கையிலும் இருக்கும் வட்ஸ்அப்பும் போதும்.

படி 1: விண்ணப்பப் படிவம்

கூகிள் போம் ஒன்றைத் திறந்து பெயர், ஊர், செய்யும் தொழில், வசதியான நாட்கள், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றைவிட முக்கியமானவை இன்னும் இரண்டு கேள்விகள்: "உங்களால் மற்றவருக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும்?", "இப்போது எந்த வேலையில் தடைப்பட்டு நிற்கிறீர்கள்?" தகைமைகளின் பட்டியலைக் கேட்டால் பதில் சுயவிபரக்கோவை போல வந்துவிடும், தடையைக் கேட்டால்தான் பேச விடயம் கிடைக்கும். இலக்கத்தைச் சோடியாக வருபவருக்குக் கொடுக்கலாமா, பெண்கள் பெண்களோடு மட்டும் சந்திக்க விரும்புகிறார்களா என்பவற்றையும் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். அவ்வாறு விரும்புபவர்களுக்குத் தனித் தாள் ஒன்றை வைத்து, கீழே சொல்லப்படும் அதே முறையைப் பின்பற்றலாம்.

படி 2: சோடி சேர்த்தல்

படிவத்தின் பதில்கள் பகுதியிலிருந்தே அவற்றை ஒரு கூகிள் ஷீட்டோடு இணைக்கலாம். அதில் புதிய தாள் ஒன்றைத் திறந்து பெயர்களை ஒரே நிரலில் ஒட்டி, அவற்றைத் தெரிவுசெய்து, டேட்டா மெனுவில் உள்ள ரேண்டமைஸ் ரேஞ்ச் என்பதை அழுத்துங்கள். பெயர்கள் கலைந்துவிடும். இதைக் கைத்தொலைபேசியில் முயல்வதைவிடக் கணினியில் செய்வது எளிது.

ஒவ்வொரு மாதமும் இப்படிக் கலைத்துக்கொண்டே போனால் ஏற்கெனவே சந்தித்தவர்களே மீண்டும் சோடியாக வரக்கூடும். ஆகவே முதல் முறை மட்டும் கலைத்துவிட்டு, அதன்பின் விளையாட்டுச் சுற்றுப்போட்டிகளுக்கு அட்டவணை போடும் சுழற்சி முறையைப் பயன்படுத்துங்கள். 20 பேர் இருந்தால் இடது நிரலில் 10 பேர், வலது நிரலில் 10 பேர். ஒரே வரியில் இருப்பவர்கள் இம்மாதச் சோடிகள். அடுத்த மாதம் இடது நிரலின் முதற்பெயரை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டு, மற்றவர்களை ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள்: வலது நிரலின் முதற்பெயர் இடது நிரலின் இரண்டாம் இடத்துக்கு வரும், இடது நிரலில் உள்ள ஏனையோர் ஒவ்வொரு வரி கீழிறங்குவர், இடது நிரலில் கடைசியாக இருந்தவர் வலது நிரலின் அடிக்குச் செல்வார், வலது நிரலில் உள்ளவர்கள் ஒவ்வொரு வரி மேலேறுவர். இப்படியே 19 சுற்று முடியும்போது, இருக்கக்கூடிய 190 சோடிகளும் ஒருமுறைகூடத் திரும்ப வராமல் அமைந்துவிடும். முதலில் ஆறு பெயர்களைத் தாளில் எழுதி நகர்த்திப் பாருங்கள், முறை உடனே பிடிபடும்.

எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, அதற்கு எதிரே வருபவரை வேறொரு சோடியில் மூன்றாமவராகச் சேர்த்துவிடுங்கள். அம்மாதம் வர முடியாதவரின் சோடிக்கும் இதே ஏற்பாடுதான்.

படி 3: செய்தி அனுப்புதல்

எல்லோரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவில் சேர்ந்தவுடனேயே ஒருவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்கு அவர் சம்மதித்திருக்க மாட்டார். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகச் சேர்ப்பிக்கும் பிராட்காஸ்ட் முறையில் அனுப்பினால், உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும் என்பதால், முன்கூட்டியே சேமிக்கச் சொல்லுங்கள். சோடிக்கான செய்தியைத் தனித்தனியாக அனுப்புவதே நல்லது: "வணக்கம். இம்மாதம் நீங்கள் சந்திக்கப் போகிறவர் கல்முனையில் தையற்கூடம் நடத்துகிறார். கணக்குப் பதிவில் உதவி தேடுகிறார். உங்கள் இருவருக்கும் சனிக்கிழமை வசதி என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள்." இத்தகைய ஒரு வரி இருந்தால், முதல் ஐந்து நிமிடத் தயக்கம் பெருமளவு குறைந்துவிடும்.

படி 4: இடமும் நேரமும்

பொறியியலாளர்களின் மேசைகள் தள்ளித் தள்ளி இருக்க இருக்க அவர்களிடையே பேச்சும் வேகமாகக் குறைகிறது என்று எம்.ஐ.டி. பேராசிரியர் தோமஸ் அலன் 1970களில் காட்டினார். ஒரே கட்டடத்துக்குள்ளேயே அப்படியென்றால், ஏறாவூரில் இருப்பவரும் அக்கரைப்பற்றில் இருப்பவரும் "ஒரு நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதில் வியப்பில்லை. எனவே இடத்தை நீங்களே முன்மொழியுங்கள். மட்டக்களப்பு நகரில் என்றால் வாவிக்கரையில் உள்ள காந்திப் பூங்கா பகல் வேளையில் நல்ல பொது இடம். தொலைவில் இருப்பவர்களுக்கு இடைவழியில் ஓர் ஊரைக் குறிக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலையும் நோன்பு மாத மாலைகளையும் ஊர்க்கோயில் திருவிழா நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். போயா விடுமுறை பலருக்கு ஒத்துவரும்.

படி 5: பின்தொடர்தல்

சந்திப்பு நடந்து ஒரு வாரத்தின் பின் இருவரிடமும் "சந்தித்தீர்களா? ஏதாவது தொடர்கிறதா?" என்று மட்டும் கேட்டு, பதிலை ஷீட்டில் ஒரு நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கை கேட்காதீர்கள்; அறிக்கை எழுத வேண்டுமென்றால் பலர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். தொடர்ந்து இரண்டு முறை பதில் இல்லாதவரை அழைத்துப் பேசி, விருப்பமில்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இடையில் புதிதாகச் சேர்பவர்களைச் சுழற்சிக்குள் நுழைத்தால் வரிசை குழம்பிவிடும் என்பதால், அவர்கள் போதிய எண்ணிக்கையில் சேரும்வரை மூன்றாமவராக வைத்திருந்து, பின்னர் அவர்களுக்கென இரண்டாவது ஷீட்டைத் தொடங்குங்கள்.