பழைய டிசைனர் உடையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய டிசைனர் உடை கைக்கு வந்தால், கழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். உள்பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டுத் தையலில் குட்டி லேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் அமெரிக்காவில் 1972-இல்தான் கட்டாயமானது. அங்கே விற்ற உடையில் அது இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகு தைத்ததுதான். இல்லையென்றால் உடனே பழசு என்று முடிவு கட்ட வேண்டாம். உறுத்துகிறது என்று பலர் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய துணுக்கு தையலுக்குள் மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

தயாரித்த நாடாக லேபிளில் 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. (ILGWU) என்ற அமெரிக்க ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் இருந்தால் 1995-க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டில் அச்சங்கம் வேறொன்றுடன் இணைந்துவிட்டது.

அப்புறம் ஜிப். கவுனின் இடுப்புப் பக்கத்தில் உலோக ஜிப் என்றால் 1930-களிலிருந்து 50-கள் வரை யோசிக்கலாம். நைலான் ஜிப் 1960-களில்தான் பரவலானது. ஆனால் ஜிப்பை மாற்றியிருக்கலாம். அதன் ஓரத்தில் நூல் இல்லாத பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் மாற்றியதேதான்.

எனக்கு மிகவும் பயன்படுவது லேபிளைத் தைத்த நூல். துணி மங்கியிருக்க, நூல் மட்டும் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வேறு உடையிலிருந்து பிரித்தெடுத்த லேபிளை இதில் ஒட்டுப்போட்டிருக்கலாம்.