வயலும் ஊசியும்: கிரவுண்டட் தியரியைத் தொடங்குவது எப்படி?

கிரவுண்டட் தியரி என்பது, களத்தில் திரட்டிய தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் ஆய்வுமுறை. முதலில் உங்கள் ஆய்வுக் கேள்வியை உரக்க வாசித்துப் பாருங்கள். "சீனி வருத்தத்தோடு வாழ்வது எப்படி இருக்கிறது?" என்பது அனுபவத்தைத் தேடும் கேள்வி, அதற்கு நிகழ்வியல் என்ற ஆய்வுமுறை பொருந்தும். "மட்டக்களப்புப் படுவான்கரை விவசாயிகள் வயல் வேலைக்கு நடுவே இன்சுலினை எப்படிச் சமாளிக்கிறார்கள்?" என்று கேட்டால் கிரவுண்டட் தியரி. ஆட்கள் என்ன செய்கிறார்கள், அது எப்படி மாறிக்கொண்டு போகிறது என்பதுதான் இதற்குத் தீனி. 1967இல் இதை நூலாக்கிய சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராவுசும் அதற்கு முன் ஆராய்ந்ததும் மருத்துவமனைகளில் மரணத் தறுவாயில் இருந்தவர்களைத்தான்.

நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில், கேள்விகள் போகப்போக மாறும், ஆட்களின் தொகை உத்தேசமானது என்று எழுதிவிடுங்கள்.

சரி, களத்துக்குப் போகலாம். இரண்டு மூன்று பேரோடு பேசியதும் நிறுத்தி, கோடிங்கைத் தொடங்குங்கள், அதாவது அவர்கள் சொன்ன ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு பெயர் (கோட்) சூட்டுங்கள். நான் முதல்முறை 15 பேரையும் பேசி முடித்த பிறகே கோடிங்குக்கு உட்கார்ந்தேன். நான்காவது ஆள் போகிற போக்கில் சொன்ன ஒன்றை மற்றவர்களிடமும் கேட்டிருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

இனி கோடிங். அறுவடைக் காலத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்வோம்: "வெட்டு நேரம் ஊசி போட்டு, சாப்பாடு பிந்தினா தலை சுத்தும். அதால விட்டுருவன்." இதற்கு 'பக்கவிளைவு' என்று கோட் போட்டால் அவர் செய்தது மறைந்துவிடும். 'சாப்பாடு பிந்துமென்று கணித்தல்', 'ஊசியை விடுதல்', 'வேலையைக் காப்பாற்றுதல்' என்று போடுங்கள். செயலைக் காட்டும் சொற்களில் கோட் போடச் சொல்கிறார், இந்த முறையை வளர்த்தெடுத்த சமூகவியலாளர் கேத்தி சார்மாஸ். நமக்குத் தொழிற்பெயர் கைவசம் இருக்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில் என்றாலும் கோடிங்கைத் தமிழிலேயே செய்யுங்கள். 'விட்டுருவன்' என்பதில் ஒரு முடிவு இருக்கிறது, மொழிபெயர்ப்பில் அது வெறும் மறதியாகிவிடலாம்.

கோட் போடும்போதே மனதில் படுவதை மெமோவாக எழுதுங்கள். இரண்டு வரி போதும், திகதி முக்கியம்.

அப்புறம் மெமோ காட்டும் பக்கம் நடங்கள். 'வேலையைக் காப்பாற்றுதல்' வலுக்கிறதா? இரவில் கடலுக்குப் போகும் வாழைச்சேனை மீனவர் ஒருவரைத் தேடுங்கள். வேலையை விட்டு வீட்டில் இருப்பவரிடமும் பேசுங்கள். ஒவ்வொருவரையும் முன்னையவர்களோடு ஒப்பிடுங்கள். கோட்பாடு ஊறுவது இந்த இடத்தில்தான், அவசரப்பட வேண்டாம்.

எப்போது நிறுத்துவது? ஒரே கதையைத் திரும்பக் கேட்பது மட்டும் போதாது. புதிய ஆள் வந்தும் நீங்கள் கட்டிவரும் வகைமைக்கு (ஒத்த கோட்கள் சேர்ந்து உருவாகும் கருத்துக்கு) புதுப் பக்கம் எதுவும் சேரவில்லை என்றால் நிறுத்தலாம்.