அட்சதை கலங்காமல் கல்யாண வீடியோவைச் சுருக்குவது எப்படி?

தங்கை கல்யாணத்தைப் போனில் 1080பி-யில் எடுத்தோம். ஒரு மணி நேர வீடியோ, 7.6 ஜிபி. ஊரில் பெரியம்மா அதை டிவியில் பென்டிரைவ் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்ததால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல் அதில் ஏறாது. அவசரத்தில் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் பிக்சல் அளவைத் தொடாமல், பிட்ரேட்டை (ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) மட்டும் 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 15 லட்சம் பிட்) இறக்கிவிட்டேன். பந்தல், வரவேற்பு எல்லாம் பரவாயில்லை. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுந்த அந்தச் சில விநாடிகள் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்துபோய், தாலி கட்டும் கைகூடத் தெரியவில்லை. பெரியம்மா பார்க்கக் காத்திருந்ததே அந்தக் காட்சிதான்.

ஏன் அங்கே மட்டும் உடைந்தது? சுருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக எழுதப்படுவதில்லை. முந்தைய ஃபிரேமில் இருந்து என்ன மாறியது என்பதே பெரும்பாலும் பதிவாகிறது. ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் மாற்றம் குறைவு. அட்சதை விழும்போது ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் பறக்கிறது, பின்னால் கூட்டமும் எழுந்து நிற்கிறது. அத்தனையையும் எழுத 1.5 எம்பிபிஎஸ் போதாது.

ரெசல்யூஷன் இங்கேதான் நுழைகிறது. 1080பி ஃபிரேமில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 720பி-யில் 9.2 லட்சம். ஒரே அண்டாச் சோற்றை இருபது இலைக்குப் போடுவதா, ஒன்பது இலைக்குப் போடுவதா என்பது போலத்தான். பிட்ரேட் குறைவாக இருந்தால் நிறைவான 720பி, பட்டினி கிடக்கும் 1080பி-யைவிடத் தெளிவாகத் தெரியும்.

நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக், இலவச மென்பொருள்.

படி 1: கடினமான ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீடியோவைத் திறந்ததும் மேலே உள்ள ரேஞ்ச் பகுதியில் 'செகண்ட்ஸ்' என்று மாற்றி, அட்சதை விழும் நிமிடத்தை மட்டும் குறியுங்கள். சோதனை எல்லாம் இதில்தான். இது இன்னொரு விதத்திலும் உதவும். மிகக் கடினமான நிமிடமே 60 எம்பிக்குள் அடங்கினால், ஒரு மணி நேரம் 3.6 ஜிபியைத் தாண்டாது.

படி 2: பிட்ரேட்டுக்குப் பதில் ஆர்எஃப்

வீடியோ டேபில் எச்.264 என்ற சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எச்.265 இன்னும் சிறிதாக்கும், ஆனால் பழைய டிவிகள் பல அதை ஓட்டாது. அங்கே ஆர்எஃப் என்று, தரத்தைக் குறிக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கும். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பி-க்கு 20 முதல் 24 வரை நல்லது, 22-இல் தொடங்குங்கள். ஆர்எஃப் முறையில் தரம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்; அட்சதைக்கு வேண்டிய பிட்டை மென்பொருளே அள்ளிக் கொடுக்கும். என் முதல் முயற்சியில் இல்லாமல் போனது அதுதான். சுருக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் என்கோடர் பிரீசெட்டை 'ஸ்லோ'வில் வையுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் அதே அளவில் தரம் கூடும்.

படி 3: அடங்காவிட்டால் ரெசல்யூஷனைக் குறையுங்கள்

60 எம்பியைத் தாண்டினால் ஆர்எஃப் 23, பிறகு 24 என்று பாருங்கள். கட்டங்கள் தலைகாட்டத் தொடங்கினால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். டைமென்ஷன்ஸ் டேபில் 720பி-க்கு மாறி, ஆர்எஃப்பை 21-க்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: ஷார்ப்பனைத் தொடாதீர்கள்

கொஞ்சம் மங்கினாற்போல் இருந்தால் ஷார்ப்பன் போடக் கை பரபரக்கும். போன் கேமரா பதிவு செய்யும்போதே ஓரங்களைக் கூர்மையாக்கிவிடுகிறது. மேலும் ஷார்ப்பன் செய்தால் மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் வந்த புள்ளி இரைச்சலும் கூர்மையாகி, பிட்டெல்லாம் அதற்கே போய்விடும். நான் செய்வது நேர் எதிர்: இரைச்சலைக் குறைக்கும் டீநாய்ஸ் ஃபில்டரில் 'என்எல்மீன்ஸ்', அதிலும் மிக லேசான 'அல்ட்ராலைட்'. அளவு மீறினால் பட்டுப்புடவையின் ஜரிகை கரைந்து, முகங்கள் மெழுகு பூசியது போலாகும். மணப்பெண்ணின் புடவைத் தலைப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜரிகை தெரிகிறதா என்பதே என் அளவுகோல்.

படி 5: முழுதாக ஓட்டுங்கள்

ஆடியோ ஏஏசி, 160 கேபிபிஎஸ் போதும். ஒரு மணி நேரத்துக்கு 72 எம்பிதான். நாதஸ்வரத்தின் உச்ச சுரங்களுக்காக இதற்குக் கீழே நான் போவதில்லை. ரேஞ்சை மறக்காமல் முழு வீடியோவுக்கு மாற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்.

பழைய கேசட்டில் இருந்து மாற்றிய வீடியோ என்றால் கதை வேறு. நம் ஊரில் பழைய டிவிகளுக்கு இருந்த பால் (PAL) முறைப் பதிவு பெரும்பாலும் 720×576 அளவில் இருக்கும். அதை 1080பி-க்குப் பெரிதாக்கினால் புது விவரம் எதுவும் வராது, பிட்தான் வீணாகும். கை அசையும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் முதலில் அந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போடுங்கள், ஆர்எஃப் 20 வையுங்கள்.

முடிந்ததும் கணினித் திரையில் மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பென்டிரைவில் ஏற்றி, டிவியில், வழக்கமாக உட்காரும் தூரத்தில் இருந்து அட்சதைக் காட்சியைப் பாருங்கள். 7.6 ஜிபி மூல ஃபைலை அழிக்காமல் தனி ஹார்ட்டிஸ்கில் வையுங்கள்.