பெயர் வரவில்லையா? டிக்கெட்டின் முதுகில் எழுதுங்கள்

வயசு மறதியையும் வியாதி மறதியையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். முதலாவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், சமாளிக்கலாம். இரண்டாவது சிலருக்குத்தான் வரும், அதற்கு டாக்டர் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாலை வேளையில் சேலம் மூக்கனேரிப் பக்கம் நடக்க வருகிற என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் பயந்துபோய்க் கிடக்கிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரர் பேரே வர மாட்டேங்குதுங்க, எனக்கு அது வந்துருச்சோ?" என்பார்கள். நான் சேலம்–ஏற்காடு லைனில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டதையும் படித்ததையும் எனக்குப் பலன் கொடுத்ததையும் சொல்கிறேன்.

முதலில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாற்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்குச் சுமார் 5 சதவீதம் என்ற கணக்கில் மூளையின் பருமன் குறைகிறது என்பார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்பகுதியும், புதுச் சேதியைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதியும் கூடுதலாகச் சுருங்கும். நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையும் நைந்துபோகும், அதனால் சேதி ஓடுகிற வேகம் மட்டுப்படும். செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரண முதுமையில் அப்படி இல்லை. பெரும்பாலும் செல்கள் சிறுத்து, அவற்றுக்கு நடுவே உள்ள இணைப்புகள் குறைகின்றன, அவ்வளவுதான்.

இதனால் என்ன குறையும்? வேகம். ஒரே சமயத்தில் இரண்டு காரியம் பார்ப்பது. ஆட்களின் பெயர். "இதை யார் சொன்னாங்க, எங்கே கேட்டேன்" என்கிற விவரம். குறையாதது எது என்று யாரும் கேட்பதில்லை, அதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். சொல்வளமும் பொது அறிவும் அறுபது, எழுபதிலும் தாக்குப்பிடிக்கும், சிலருக்குக் கூடக்கூடச் செய்யும். கையும் காலும் கற்ற வித்தையும் போகாது. மலை பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் போட்டுப் பழகியவன் நான். இப்போது பயணியாக ஏறினாலும், வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இடது கால் தானாக அகன்று உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. டிரைவர் பெயரைக் கேட்டால்தான் முழிப்பேன்.

சரி, இனி வழிகள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயணி நூறு ரூபாயை நீட்டுவார், பையில் சில்லறை இருக்காது. பாக்கி எவ்வளவு என்று டிக்கெட்டின் முதுகில் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவோம். இருபத்தைந்து வயசுக் கண்டக்டரும் அப்படித்தான் எழுதுவார். அவருக்கு ஞாபக சக்தி இல்லை என்று யாராவது சொல்வார்களா? கூட்டத்தில் மனசை நம்பக் கூடாது என்பது தொழில் சுத்தம். ஆனால் வீட்டில் பெரியவர்கள் எழுதி வைக்கச் சொன்னால் மட்டும் கௌரவம் தடுக்கிறது. "எழுதினா மூளை மழுங்கிடும்" என்கிறார்கள். மழுங்காது. மாத்திரை, கரண்ட் பில், டாக்டர் சொன்ன தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு போதும். மாத்திரைக்கு ஏழு நாள் அறை போட்ட டப்பா மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சாவி, கண்ணாடி, செல்போன் மூன்றுக்கும் வாசல் பக்கத்தில் ஒரே இடம். வேறு எங்கேயும் வைக்காதீர்கள், "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்" என்று கூட வைக்காதீர்கள்.

அடுத்து, நாம் மறதி என்று சொல்வதில் பெரும் பங்கு மறதியே இல்லை, அந்தச் சேதி உள்ளேயே போயிருக்காது. டிவியைப் பார்த்துக்கொண்டே கேஸை மூடினால் மூடியது எப்படிப் பதியும்? அதனால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கேஸை மூடிட்டேன். கதவைப் பூட்டிட்டேன்." பேரப்பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். எங்களுக்கும் விசில் ஊதும் முன் படியை ஒரு தடவை பார்த்துவிட்டு "ரைட்" என்று வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் உண்டு.

இனி செய்ய வேண்டிய காரியத்தை மணியோடு கட்டாதீர்கள், இன்னொரு காரியத்தோடு கட்டுங்கள். "எட்டு மணிக்கு பிரஷர் மாத்திரை" என்பது வயசானவர்களுக்குச் சிரமம், ஏனென்றால் மணியைக் கவனிப்பதே தனி வேலை. "டிபன் சாப்பிட்டதும் மாத்திரை" என்றால் தட்டே ஞாபகப்படுத்திவிடும்.

பெயர் விஷயம் கொஞ்சம் விவரமானது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேட்டு உடனே அதே பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள். கூடவே ஊரையும் உறவையும் பிடித்துக்கொள்ளுங்கள்: நாகலூர்க்காரர், காப்பித் தோட்டத்தில் வேலை, மகளை அம்மாபேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். வெறும் பெயர் பிடிப்பில்லாதது; ஊரும் உறவும் சேர்ந்தால் எந்தப் பக்கமிருந்தும் இழுக்கலாம். அப்புறம் ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். இடைவெளி விட்டு நினைத்துப் பார்த்தால் நிலைக்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1885ல் ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியதிலிருந்தே வருகிறது. தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள். அ, ஆ, இ என்று எழுத்து வரிசையை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் வரவில்லையா, விட்டுவிட்டு வேறு பேசுங்கள். குளிக்கும்போது தானாக வரும்.

வல்லாரை பற்றிக் கேட்காத ஆள் இல்லை. நானும் துவையல் அரைத்துச் சாப்பிடுகிறேன், ருசிக்காக. வயசு மறதியைத் திருப்பிவிடும் என்று நம்பி விலை உயர்ந்த லேகியம் வாங்குவதற்கு முன், அந்தப் பணத்தில் ஒரு நல்ல நடைச் செருப்பு வாங்குங்கள். 2011ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிஷம் வேகநடை என்று ஒரு வருஷம் நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. உடம்பை வளைத்து நீட்டுகிற லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. கூடவே பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். சிகரெட்டை விடுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் காட்டுங்கள்.

காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பஸ்களில் இன்ஜின் உள்ளேயே இருக்கும், அந்த இரைச்சலில் வருஷக்கணக்காக நின்ற எங்கள் ஆட்கள் பலருக்கும் காது மந்தம். வீட்டில் சொன்னது பாதிதான் விழும், அரைகுறையாய் விழுந்தது மனசில் பதியாது. "சொன்னா ஞாபகமே வெச்சுக்க மாட்டாரு" என்று பெயர் வாங்குவார்கள். அதோடு காது கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் டிமென்ஷியா என்கிற மறதி வியாதி வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024 அறிக்கையில் சொல்லியிருக்கிறது. மாற்றிக்கொள்ளக் கூடிய காரணங்கள் என்று அது சொல்லும் பதினான்கில் இதுவும் ஒன்று. கண்ணாடி போட வெட்கப்படாதவர்கள் காது மிஷினுக்கு ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று, சரிசெய்யக் கூடிய மறதிகளும் இருக்கின்றன. பி12 சத்துக் குறைவு, முக்கியமாகச் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்பார்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் வரும். தைராய்டு மந்தம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை, தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரை எல்லாமே ஞாபகத்தைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனையிலும் மருந்துச் சீட்டைப் பார்த்தும் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? என் நண்பர் ஒருவர் லீ பஜாரில் மண்டி வைத்திருந்தவர், மனக்கணக்கில் புலி. ஒருநாள் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு நூறு ரூபாய் கொடுத்தார். மீதி கைக்கு வந்தது. இரண்டு பத்து ரூபாய்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சில்லறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார், "நான் காசு கொடுத்துட்டனா?" என்றார். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டார். அவரைக் கேட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்பார், வீட்டார்தான் பல மாதமாகக் கவனித்திருந்தார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்பது வயசு. சாவி எதற்கு என்பதே தெரியாதது வியாதியின் பக்கம். பழகிய தெருவில் வழி தப்புவது, வருஷக்கணக்காகச் செய்த சமையலில் வரிசை குழம்புவது, குணம் மாறுவது, கேட்டதையே கேட்பது, இவற்றில் எது வந்தாலும் காட்டிவிடுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம் வந்தால் அது வேறு கதை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, பக்கவாதம், கீழே விழுந்து தலையில் அடிபட்டது, எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

நிதானமாகக் காட்டப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ, நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தொடங்கலாம். எங்கே போவது என்றே புரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567க்குப் போன் போட்டுக் கேளுங்கள். போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு மருந்து உட்பட. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று நாலு சம்பவத்தை எழுதிக்கொள்ளுங்கள். காது மிஷினையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டே உட்காருங்கள். அங்கே மூன்று வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், ஒரு கடிகாரம் வரையச் சொல்வார்கள். வார்த்தையே காதில் விழாமல் போனால் ஞாபகத்துக்கு மார்க் குறைந்துவிடும்.