இரண்டு நாள் லீவில் வரும் சிநேகிதருக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவது எப்படி

இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் முதல் வேலை பட்டியலைக் குறைப்பது. நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை, பருத்தித்துறை, கசூரினா எல்லாம் வரைபடத்தில் அருகருகே தெரியும். ஆனால் நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் போனால் பட்டினத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் போய் அதே பாலத்தால்தான் திரும்ப வேண்டும். வடக்கே போனால் அது வேறு திசை. இரண்டையும் ஒரு பகலுக்குள் திணித்தால் சிநேகிதர் பார்ப்பது பஸ் ஜன்னலை மட்டும்தான். ஆகவே ஒரு நாள் பட்டினத்துக்கு, மற்ற நாள் ஒரே ஒரு திசைக்கு.

பட்டின நாளில் ஒழுங்கு முக்கியம். காலையில் நல்லூர். பூசைகள் குறித்த நேரத்துக்குத் தவறாமல் நடக்கும் கோயில் அது. அன்றைய நேரத்தை முதல்நாளே கேட்டு வையுங்கள், ஐந்து நிமிடம் பிந்தினாலும் தீபாராதனை முடிந்துவிடும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். அரைக்காற்சட்டையோடு வருபவருக்கு வீட்டிலிருந்தே ஒரு வேட்டி கொண்டுபோங்கள். உள்ளே படம் எடுக்க முடியாது. ஆடி, ஆவணியில் 25 நாள் திருவிழா நடக்கும்போது கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள், தூரத்தில் இறங்கி நடக்கவேண்டும். தேருக்கு முன்பின் நாட்களில் தங்க அறை கிடைப்பதே கடினம். வெளியே வந்தால் அரசர் காலத்துச் சின்னங்களாகச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரிமனையும் கிட்டத்தான். இந்தச் சுற்றுக்குச் சைக்கிள் நல்லது, தரை சமதரை. மோட்டார் சைக்கிள் என்றால் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்; ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடாதீர்கள்.

மத்தியான வெயிலில் வெளியே நிற்கவேண்டாம். பட்டினத்துக் கடைவீதியான பெரியகடைப் பக்கம் வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு சாப்பிடலாம். நண்டுக்கறி வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அன்று பல இடங்களில் மச்சம் (மீன், இறைச்சி) இராது. ஒடியல் கூழ் நினைத்தவுடன் கிடைக்கும் சாமான் அல்ல. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு; அதன் மாவை ஊறவைத்துக் கசப்பெடுக்க வேண்டும்; நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் சேரவேண்டும். முதல்நாளே சொல்லி வைத்தால்தான் மறுநாள் கிடைக்கும். இரவு சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கூழ் குடித்தபின் யாரும் அலைய விரும்புவதில்லை.

வெயில் இறங்கியபின் நூலகம். 1981 இல் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் அழிந்த இடம் என்பதைச் சிநேகிதருக்கு வாசலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது ஒரு வெள்ளைக் கட்டிடம் மட்டுமே. செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே படிப்பவர்கள் இருப்பார்கள், ஆகவே சுற்றிப் பார்ப்பவர்களை எந்த நேரமும் விடுவதில்லை. போகுமுன் நேரத்தைக் கேளுங்கள். அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். உள்ளே நிழல் இல்லை, பன்னிரண்டு மணிக்குப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவது அதனால்தான். மூடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் போய், கடனீரேரிப் பக்க மதிலில் ஏறி நடந்தால் பண்ணைப் பாலமும் சூரியன் இறங்குவதும் ஒன்றாகத் தெரியும். மதில் விளிம்பில் கைபிடி இல்லாத இடங்கள் உண்டு, கவனம். திரும்பும் வழியில் நல்லூரடியில் ஐஸ்கிரீம் குடிப்பது ஊர் வழக்கம், அதை விடாதீர்கள்.

மற்ற நாளுக்கு எங்கள் பரிந்துரை நயினாதீவு. காலை ஏழு மணிக்குள் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். படகுத்துறையான குறிகட்டுவானுக்கு வேலணை, புங்குடுதீவு வழியாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இருபக்கமும் கடல் என்பதால் ஜன்னல் இருக்கை பிடிக்கவேண்டிய பயணம். அங்கிருந்து படகு சுமார் 20 நிமிடம். காசு சில்லறையாக வைத்திருங்கள். படகின் அடித்தட்டில் புழுக்கம் அதிகம், தலைசுற்றுபவரை வாசலுக்குக் கிட்ட இருத்துங்கள். தீவிலுள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானப் பூசைக்குப்பின் அன்னதானம் உண்டு, சாப்பாட்டுக் கவலை வேண்டாம். பௌத்தக் கோயிலான நாகவிகாரைக்குக் கரையோரமாக நடக்கலாம். இறங்கியவுடன் கேட்கவேண்டியது ஒன்றே: கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அதற்குப் பஸ் இருக்கிறதா? கடைசிப் படகை நம்பி இருக்கவேண்டாம், அதற்கு முந்தியதில் ஏறுங்கள்.

நெடுந்தீவையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். படகு மட்டும் ஒரு மணித்தியாலம், படகுகளும் குறைவு. கட்டைக் குதிரைகளும் பவளக்கல் வேலிகளும் பார்க்க உள்ளே ஓட்டோவோ சைக்கிளோ பிடிக்கவேண்டும். அது தனியாக ஒரு நாள் கேட்கும் தீவு. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அந்தக் கடல் நன்றாகவே ஆட்டும்.

கடல் ஒத்துவராத சிநேகிதர் என்றால் வடக்கே திரும்புங்கள். கீரிமலையில் கடலுக்கு ஒட்டிய நன்னீர்க் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுவேறாக. மாற்றுடுப்பு கொண்டுபோங்கள், படிகள் பாசியில் வழுக்கும். வரும் வழியில் கந்தரோடையின் பழைய பௌத்தச் சிறு தூபிகள், நேரமிருந்தால் நிலாவரைக் கிணறு. அந்தக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் கடல்நீருக்கு மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். காங்கேசன்துறையிலிருந்து பலாலிக் கரையால் பருத்தித்துறைக்குப் போகலாம் என்று வரைபடம் காட்டினால், பாதை திறந்திருக்கிறதா என்று ஊரவரிடம் கேட்டபின் போங்கள்.

வாங்குவதைக் கடைசிப் பின்னேரத்துக்கு வையுங்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பருத்தித்துறை வடை இரண்டும் பல நாள் நிற்கும். குட்டானில் (சிறு பனையோலைப் பெட்டியில்) அடைத்த பனங்கட்டி சூட்டில் கசியும். அதைக் கடதாசியில் சுற்றி, மேலே ஒரு பொலித்தீன் பையும் போட்டு, உடுப்புப் பையில் வைக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.